செலரானா, செம்ப்ரானா? எல்லையோர வாசகர்களின் கணினிக் கேள்விகள்

கேள்வி: கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை ஆகியவற்றைத் தட்டச்சு செய்து வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரே அழைப்பிதழில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமும் வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் இரு மொழிகளின் பழைய எழுத்துருக்களும் உள்ள விண்டோஸ் 7 இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. கோவையில், அலுவலகங்கள் கழித்துக் கட்டிய கணினிகளை விற்பவரிடம் இரண்டு பெட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இன்டெல் செலரான் இ3300 செயலி, 2.5 கிகாஹெர்ட்ஸ், ஜி31 போர்டு, டிடிஆர்2 ராம் 2 ஜிபி. மற்றதில் ஏஎம்டி செம்ப்ரான் 140 செயலி, 2.7 கிகாஹெர்ட்ஸ், 760ஜி போர்டு, டிடிஆர்3 ராம் 2 ஜிபி. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். கிகாஹெர்ட்ஸ் கூடுதல் என்பதால் செம்ப்ரானை எடுக்கலாம் என்பது என் எண்ணம். இன்டெல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் விற்பவர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் மாலையில் இதில்தான் பாடம் பார்ப்பாள். எதை வாங்கட்டும், ஐயா?

பதில்: பெட்டியைத் திறக்காமல், உள்ளே இருப்பதை மாற்றாமல், வாங்கியபடியே வைத்துக்கொள்வதாக இருந்தால் செலரானை வாங்குங்கள். செயலியை மாற்றித் தரக்கூடிய ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் செம்ப்ரான் உள்ள பெட்டியை வாங்கி, அந்தச் செம்ப்ரானைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டாவது யோசனைதான் என் விருப்பம். விற்பவர் சொன்ன காரணமும் நீங்கள் நினைத்த காரணமும் இரண்டுமே பிழையானவை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கிகாஹெர்ட்ஸ். செயலியின் கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் காட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைக் காட்டாது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு செயலிகளை ஒப்பிடும்போது அது ஓரளவு உதவும். இரு வேறு நிறுவனங்களின் செயலிகளை ஒப்பிட உதவாது. இதை உரக்கச் சொன்ன நிறுவனமே ஏஎம்டிதான் என்பது வேடிக்கை. 2001-இல் அத்லான் எக்ஸ்பி செயலிகளை வெளியிட்டபோது, கடிகார வேகத்தைப் பெயரில் போடாமல் 1500+, 1800+ என்று திறனைக் குறிக்கும் எண்களை அது அச்சிட்டது. 2004 ஜூலையில் வந்த முதல் செம்ப்ரான்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றின. உங்கள் கடிதத்தில் உள்ள செம்ப்ரான் 140 வந்தது 2009-இல். அதற்குள் அந்தக் கூட்டல் குறி போய்விட்டது.

செலரான் இ3300-உம் அதே 2009-ஆம் ஆண்டுச் சரக்குதான். இரண்டுமே 45 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை; இரண்டுமே 64 பிட்; இரண்டிலும், அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகம் 1 மெகாபைட். இத்தனை ஒற்றுமைக்கும் நடுவே உங்கள் கடைக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. செலரான் இ3300-இல் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு கணிப்பு மையங்கள், உள்ளன. செம்ப்ரான் 140-இல் ஒன்றுதான். ஒரே ஆள் டீயும் ஆற்றிக்கொண்டு கல்லாவிலும் உட்கார்ந்திருக்கும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் குறையே தெரியாது. நாலு பேர் வந்து நின்றால் டீயும் ஆறும், சில்லறையும் தாமதமாகும்.

பேஜ்மேக்கர் மட்டும் திறந்திருக்கும்போது இந்த வேறுபாட்டை நீங்கள் உணர மாட்டீர்கள். 2001-இல் கடைசிப் பெரும் பதிப்பைக் கண்ட அந்த மென்பொருள் ஒரு கோரைத்தான் வேலை வாங்கும். ஒற்றைக் கோரின் திறனை மட்டும் எடுத்துக்கொண்டால் 2.7 கிகாஹெர்ட்ஸ் செம்ப்ரானும் 2.5 கிகாஹெர்ட்ஸ் செலரானும் ஏறக்குறைய சமம். ஆனால், பேஜ்மேக்கரில் மாப்பிள்ளை வீட்டார் பெயரைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் பிரிண்டருக்கு ஒரு கோப்பு போய்க்கொண்டிருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் யாரோ கொண்டு வந்த பென் டிரைவைத் துழாவிக்கொண்டிருக்கும். பிரௌசரில் மூன்று பக்கங்கள் திறந்திருக்கும். அப்போது ஒற்றைக் கோர் கணினியில் நீங்கள் தட்டிய எழுத்து திரையில் வர அரை நொடி பிந்தும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நூறு விழுக்காடு என்று பச்சைக் கோடு கூரையைத் தொட்டு நிற்கும். ஒற்றெழுத்துக்குப் புள்ளி விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை தட்டி, பிறகு ஒன்றை அழிப்பது உங்கள் தொழிலில் எத்தனை எரிச்சல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் பாடம் பார்ப்பதிலும் இதே கதைதான். இணையக் காணொளிகள் இன்று வரும் வடிவங்களை விரித்துக் காட்டும் தனி வசதி ஜி31 போர்டின் கிராஃபிக்ஸிலும் இல்லை, 760ஜி போர்டின் கிராஃபிக்ஸிலும் இல்லை. ஆகவே அந்தச் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழும். செலரான் நடுத்தரத் தெளிவில் எப்படியோ சமாளித்துவிடும். செம்ப்ரான் 140-இல் ஆசிரியரின் குரல் முன்னே போக, கரும்பலகை பின்னே வரும்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் விற்பவர் பேச்சை எடுக்கலாம் என்பதால் ஒரு வரி. முழு வேலையில் செயலி ஏறக்குறைய எவ்வளவு மின்சாரத்தை இழுத்து வெப்பமாக்கும் என்பதைக் காட்டும் வெப்ப வரம்பு செலரானுக்கு 65 வாட், செம்ப்ரானுக்கு 45 வாட். அந்த 20 வாட் வேறுபாடு நாள் முழுதும் அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டாலும், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டால் 48 யூனிட்தான் வருகிறது. உண்மையில் இவை பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதால் அதில் பாதிகூட வராது.

இதுவரை சொன்னது செலரானுக்குச் சாதகம். இனி போர்டுக்கு வருவோம். பழைய கணினி வாங்குபவர் செயலியைவிட அதிகமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

செலரானில் செயலிக்கும் ராமுக்கும் நேரடிப் பாதை கிடையாது. எல்லாத் தரவும் போர்டில் உள்ள, தரவுப் போக்குவரத்தை நடத்தும் சிப்செட் என்னும் சில்லு வழியாகச் சுற்றித்தான் வரும். அந்தப் பாதையின் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அதிகபட்சம் 6.4 கிகாபைட். ஏஎம்டியோ 2003-இல் வந்த அத்லான் 64 காலத்திலேயே ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியைச் செயலிக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பரம்பரையில் வந்த செம்ப்ரான் 140-க்கும் ராம் நேர்வழியில் கிடைக்கிறது. ஒற்றைக் கோரை வைத்துக்கொண்டு அந்த அகலப் பாதையால் பெரிய பயன் இல்லை என்றாலும், அதே போர்டில் நல்ல செயலியைப் பொருத்தினால் பயன் தெரியும்.

ஜி31 போர்டின் பெரிய குறை இதைவிடக் கண்ணுக்குத் தெரிவது: அது 4 ஜிபிக்கு மேல் ராமை ஏற்காது. அதுவும் டிடிஆர்2 ராம். கடைகளில் அரிதாகிவிட்டது, கிடைத்தாலும் டிடிஆர்3-ஐவிட விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். உங்கள் 760ஜி போர்டில் டிடிஆர்3 ராமை இரண்டு துளைகளிலும் நான்கு நான்காகப் போட்டு 8 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். இன்றைய பிரௌசருக்கு 2 ஜிபி போதவே போதாது. 4 ஜிபியில் மூச்சு வாங்கும். 8 ஜிபியில் மறந்துவிடலாம்.

செயலியை மாற்றுவதிலும் ஏஎம்டி போர்டுக்குக் கை ஓங்குகிறது. நியாயமாகச் சொன்னால், ஜி31 போர்டிலும் கோர் 2 டுவோ இ7500 போன்ற ஒன்றைப் பொருத்தலாம், 2.93 கிகாஹெர்ட்ஸ், 3 மெகாபைட் கேஷ், நல்ல செயலிதான். ஆனால் ராம் வரம்பு அப்படியே நிற்கும். ஏஎம்3 வகைத் துளையுள்ள உங்கள் 760ஜி போர்டிலோ 3 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கோர்களுள்ள அத்லான் II எக்ஸ்2 250 உட்காரும். அதன் வெப்ப வரம்பும் செலரானைப் போல 65 வாட்தான். நான்கு கோர் அத்லான் II எக்ஸ்4 640 கூட உட்காரலாம். அது 95 வாட் என்பதால், போர்டு தயாரித்தவர் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். உங்கள் வேலைக்கு எக்ஸ்2 250 தாராளம்.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை, இது பட்டறிவு. இன்டெல்லின் 775 வகையில் ஊசிகள் போர்டில் இருக்கும். ஏஎம்3 வகையில் அவை செயலியின் அடியில் இருக்கும். பல கோடைகளைக் கண்ட கணினியில் செயலிக்கும் அதன் மேலுள்ள அலுமினியக் குளிர்விப்பானுக்கும் இடையே பூசிய பசை காய்ந்து சிமெண்டாகியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு நண்பரின் பெட்டியைத் திறந்து, கொக்கியை விடுவித்து, குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தேன். பூட்டு பூட்டியபடியே இருக்க, செயலி அதனோடு ஒட்டிக்கொண்டு துளையிலிருந்து பிடுங்கி வந்தது. திருப்பிப் பார்த்தால் ஓர் ஓரத்தில் ஏழெட்டு ஊசிகள் ஆடிக் காற்றில் சாய்ந்த நெற்பயிர்போல ஒரே பக்கம் படுத்திருந்தன. 0.5 மில்லிமீட்டர் பென்சிலின் ஈயத்தை எடுத்துவிட்டு, அதன் காலி முனையை ஒவ்வோர் ஊசியிலும் நுழைத்து நிமிர்த்த ஒரு மாலை முழுதும் போயிற்று. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, மின் இணைப்பைத் துண்டித்து, குளிர்விப்பானை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பசை இளகித் தானே பிரியும் என்பதை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

வாங்கப் போகும்போது இரண்டு பெட்டிகளின் பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றச் சொல்லுங்கள். செயலியைச் சுற்றி உருளை வடிவில் நிற்கும் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்று புடைத்திருந்தாலும், பழுப்பு நிறத்தில் கசிவு தெரிந்தாலும், விலையைக் குறைக்கக் கேட்காமல் வந்துவிடுங்கள். வட்டமான 2032 பேட்டரி தீர்ந்திருந்தால் கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடும். அதனால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். பலர் இதைச் செயலியின் குறை என்று நினைத்துப் பெட்டியையே விற்றுவிடுகிறார்கள். நாற்பது டிகிரியைத் தொடும் நம் பாலக்காட்டுக் கோடையும் கணவாய் வழியே வரும் காற்றின் புழுதியும் குளிர்விப்பானின் இடுக்குகளைக் கம்பளிபோல அடைத்துவிடும். வாங்கியதும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, புதுப் பசை பூசுவது நல்லது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், மேலே சொன்ன செயலி மாற்றத்தைவிடக்கூட அதிக வேறுபாடு தெரியும். இங்கும் 760ஜி போர்டு சற்று முன்னே நிற்கிறது. சாதாரண ஜி31 போர்டுகளில் எஸ்எஸ்டியின் முழுப் பயனைப் பெற உதவும் ஏஹெச்சிஐ முறை இராது. ஆயினும் எஸ்எஸ்டி அதிலும் ஓடும், ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பாகவே ஓடும்.

இனி விண்டோஸ். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 இந்த இரண்டு செயலிகளிலும் முறைப்படி ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி கட்டாயம் என்பதையும், அது செலரான் இ3300-இலும் செம்ப்ரான் 140-இலும், மாற்றச் சொன்ன அத்லான் II-இலும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குரோம் பிரௌசரும் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

ஆகவே எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் உள்ள விண்டோஸ் 7 இருக்கட்டும். அதில் இணையத்தை இணைக்கவே வேண்டாம். மறுபாதியில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட்டின், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, இணையம், படிவங்கள், மகளின் பாடம் எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றதும் தயங்க வேண்டாம். கேரள அரசுப் பள்ளிகளில், கணினிக் கல்வியைக் கவனிக்கும் மாநில அரசின் கைட் நிறுவனம் வழங்கும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். உங்கள் மகள் கேரளப் பள்ளியில் படிப்பவள் என்றால், தமிழ் வழியில் படித்தாலும், உங்களைவிட விரைவாக அதில் நடமாடுவாள், கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் செம்ப்ரான் 140 கணினி ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் இரண்டாவது கோர் ஒன்று ஒளிந்திருப்பதாகவும், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஒரு வரியை மாற்றினால் அது விழித்துக்கொள்ளும் என்றும் என் மச்சான் சொல்கிறார். கேலி செய்கிறாரா? – மீனாட்சிபுரம் வாசகர்

பதில்: கேலி இல்லை. இரண்டு கோர்களோடு வார்த்த சில்லில் ஒன்றை அடைத்துவிட்டுத்தான் செம்ப்ரான் 140 என்ற பெயரில் விற்றார்கள். அப்படி அடைத்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அந்தக் கோரில் உண்மையிலேயே பழுது இருந்திருக்கலாம், அல்லது மலிவு விலைச் செயலிக்குச் சந்தையில் தேவை இருந்ததால் நல்ல கோரையே அடைத்திருக்கலாம். உங்கள் கையிலுள்ளது எது என்று வெளியிலிருந்து தெரியாது.

போர்டில் எஸ்பி710 அல்லது எஸ்பி750 துணைச் சில்லு இருந்து, பயாஸில் அட்வான்ஸ்டு கிளாக் கேலிபரேஷன் என்ற வரியும் இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள். வெற்றி கிடைத்தால் கணினி தொடங்கும்போது செயலியின் பெயர் அத்லான் II எக்ஸ்2 4400இ என்று மாறித் தெரியும். பார்க்கவே ஒரு மகிழ்ச்சி. விண்டோஸ் திறந்துவிட்டதே என்று அதோடு நிறுத்தாமல், இரு கோர்களுக்கும் முழுச் சுமை தரும் சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். பழுதான கோர் உடனே நின்றுவிட்டால் நல்லது. சில நாள் கழித்து, சேமிக்கும் கோப்பில் ஓரெண்ணை மாற்றி எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும் கோர்தான் ஆபத்து. வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். பால் சங்கக் கணக்கோ கடைக் கணக்கோ உள்ள கணினி என்றால், பழைய அத்லான் II ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கிப் போடுவதையே நான் சொல்வேன்.

கேள்வி: என் செலரான் ஜி31 போர்டுக்கு 4 ஜிபி டிடிஆர்2 ராம் ஒற்றைக் குச்சியாக, மிக மலிவாக வாங்கினேன். போட்டால் திரையே வரவில்லை. பழைய 1 ஜிபி குச்சியைப் போட்டால் வருகிறது. ராம் கெட்டதா, போர்டு கெட்டதா? – வேலந்தாவளம் வாசகர்

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். மலிவாக விற்கப்படும் அந்த 4 ஜிபி டிடிஆர்2 குச்சிகளில் பெரும்பாலானவை ஏஎம்டி போர்டுகளில் மட்டும் வேலை செய்பவை. அவற்றின் சில்லுகள் உள்ளே அடுக்கப்பட்டுள்ள முறையை இன்டெல் சிப்செட்டால் படிக்க முடியாது. விளம்பரத்தின் கடைசி வரியில் ஏஎம்டிக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்ததா என்று மீண்டும் பாருங்கள். இருந்தால், டிடிஆர்2 துளையுள்ள பழைய ஏஎம்டி கணினி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிட்டு, சாதாரண 2 ஜிபி குச்சிகள் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் போர்டு ஏற்கும் 4 ஜிபி அத்தோடு நிறைந்துவிடும்.